மூணு பேர் சொன்ன விலை

கார் பானட்டைத் தொட்டுப் பாத்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்க விவரமான ஆளுன்னு. சும்மா கூட நின்னு போட்டோ எடுத்துட்டுப் போக வந்தவர் இல்ல. சில்லுன்னு இருக்குதுங்களா? இருக்கும். ஆள் வர்றாங்கன்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி, எஞ்சினைச் சூடு பண்ணி வெக்கற வேலையெல்லாம் இந்தக் குழந்தைவேலுகிட்டக் கெடையாதுங்க. ராத்திரி பூரா ஆறிக் கெடந்த எஞ்சினை உங்க முன்னாடி ஸ்டார்ட் பண்ணிக் காட்டறவன்தான் யோக்கியமா விக்கறவன்.

உக்காருங்க. சேலத்துல இருந்து வந்துருக்கீங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் பாக்கலாம். வண்டி எங்கயும் ஓடிப் போயிராது. கோமதி, ரெண்டு டீ போடு.

ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்க. நல்ல கேள்விங்க. பழைய வண்டி பாக்கப் போனா மொதல்ல கேக்க வேண்டியது அதுதான். மீட்டர் பொய் சொல்லும். பெயிண்ட் பொய் சொல்லும். ஏன் விக்கறேன்னு சொல்றப்ப விக்கறவன் மூஞ்சி மட்டும் பொய் சொல்லாது. நான் யாருக்காக எந்த வண்டி பாக்கப் போனாலும் அதைக் கேக்காம விட்டதில்ல. உங்களுக்கும் ஒளிக்காமச் சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும். பரவால்லீங்களா?

எனக்கு இங்க கணபதி ஏரியாவுல பம்பு செட்டு உதிரி சாமான் கடை. இப்பப் பையன் பாத்துக்கறான். ஆனா ஊருக்குள்ள என்னைத் தெரிஞ்சவங்க பாதிப் பேருக்குக் கடை தெரியாது. விலை பாக்கற குழந்தைவேல்னாத்தான் தெரியும். பழைய கார் எடுக்கணுமா, குழந்தைவேல் அண்ணனைக் கூட்டிட்டுப் போ, ஏமாற விட மாட்டாருன்னு சொல்லுவாங்க. காசுக்குப் பண்றதில்லீங்க. ஒரு டீ வாங்கிக் குடுத்தாப் போதும். ஒரு பொருளுக்கு இன்னதுதான் விலைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா, அதுக்கு மேல குடுத்தாலும் எனக்கு ஆகாது, அதுக்குக் கீழ குடுத்தாலும் ஆகாது. நம்ப மாட்டீங்க, ஒரு தடவை ஒரு வாத்தியார் தெரியாமக் கம்மி விலை சொல்லிட்டாரு, வாங்க வந்தவன் என் கூட வந்தவன், நானே வாத்தியாரைத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி, ஐயா இன்னும் பதினஞ்சாயிரம் சேத்துக் கேளுங்கன்னு சொன்னேன். கூட்டிட்டுப் போனவன் அன்னைக்கு இருந்து என்கூடப் பேசறதில்ல. நியாயம்னா நியாயங்க.

இப்பிடி அடுத்தவனுக்கெல்லாம் பாத்துக் குடுத்த எனக்குன்னு ஒரு ஆசை இருந்துச்சு. சின்ன வயசுல கார் ரேஸுக்கு டிக்கெட்டு எடுக்கக் காசில்லாம வேலிக்கு வெளிய நின்னு பாத்தவன் நானு. அந்தச் சத்தம் இருக்குது பாருங்க, அது வயித்துக்குள்ள போயி உக்காந்துக்கும். பையனுக்குக் கல்யாணம் ஆச்சு, கடன் எல்லாம் தீந்துச்சு, இனி நமக்குன்னு ஒண்ணு எடுப்போம்னு தோணுச்சு. ரெண்டு பேரு மட்டும் உக்கார்ற மாதிரி, மேல கூரையைத் தொறந்துக்கற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. பழசுதான். பணத்தைத் தனியா எடுத்து பேங்க்ல போட்டுட்டுத் தேட ஆரம்பிச்சேன். பேரன் எடுக்கற வயசுல இதென்ன கூத்துன்னு என் சம்சாரம் கோமதி சிரிச்சா. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

தேடப் போன எடத்துக்கெல்லாம் கூட வந்தவரு என் மாப்ள. மாப்ளைன்னா என் தங்கச்சி அம்சவேணி வீட்டுக்காரரு, பூபதின்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சுருந்தாரு. அவர்கிட்ட அப்பவே இந்த மாதிரி வண்டி ஒண்ணு இருந்துச்சு. நல்லாச் சம்பாரிச்ச காலத்துல பெங்களூர்ல ஒரு டாக்டர்கிட்ட எடுத்தது. செர்மன்காரன் வண்டி, மஞ்சக் கலரு. நீங்க பாக்க வந்துருக்கீங்களே, இதேதான்.

எங்கெங்கயோ போனோமுங்க. சென்னையில ஒண்ணு பாத்தோம். செவப்பு, கண்ணைப் பறிச்சுது. நான் போன ஒடனே சீட் பெல்ட்டைப் புடிச்சுக் கடைசி வரைக்கும் வெளிய இழுத்தேன். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துப் பாக்க மாட்டாங்க. கடைசியில ஒரு சாண் அளவுக்குச் சேத்துக் கறை. வெள்ளத்துல மூழ்கின வண்டி. வந்த வழியே திரும்பிட்டோம். கொச்சியில ஒண்ணு. நான் ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில சுத்தி வெச்சுருப்பேன். கதவுல வெச்சா டப்புன்னு ஒட்டணும். ஒட்டலைன்னா உள்ள நசுங்கினதைப் பட்டி பூசி மறைச்சுருக்கான்னு அர்த்தம். அந்த வண்டியில ஒரு பக்கம் பூராவும் காந்தம் வழுக்கிட்டுப் போகுது. பெங்களூர்ல பாத்ததுல மீட்டர் கம்மியாக் காட்டுது, ஆனா பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு வழவழன்னு கெடக்குது. கம்மியா ஓடின வண்டியில ரப்பர் எப்பிடித் தேயும்?

எல்லாத்துக்கும் மாப்ளதான் ஓட்டிட்டு வந்தாரு. நல்ல மனுசன். ஒரு வார்த்தை சலிச்சுக்கல. ஆனா வழியெல்லாம் அவருக்குப் போன் வந்துட்டே இருக்கும். டீக்கடையில நிறுத்துனாப் போதும், தள்ளிப் போயி மரத்தடியில நின்னு பேசுவாரு. ஆர்டர் நெறைய போலன்னு எனக்குச் சந்தோசமா இருக்கும். கொச்சியில இருந்து திரும்பறப்ப வாளையார் செக்போஸ்டுகிட்ட டீ குடிச்சுட்டு நிக்கறோம், திடீர்னு கேக்கறாரு. “மச்சான், வண்டிக்குன்னு எடுத்து வெச்ச பணம் சும்மாவேதான் பேங்க்ல தூங்குதுங்களா?”ன்னு. “ஆமா மாப்ள, நல்ல வண்டி கெடைக்கற வரைக்கும் தூங்கட்டும், அதுக்கு என்ன அவசரம்”னேன். “அதுஞ் சரிங்க”ன்னாரு. அப்பறம் பாதி டீயைக் கீழ ஊத்திட்டுப் போயி வண்டியில உக்காந்துட்டாரு. ஓட்டின அலுப்புன்னு நெனச்சுட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை. சொல்லாமக் கொள்ளாம மூணு பேரும் வந்து எறங்கறாங்க. மாப்ள, அம்சவேணி, அவங்க பொண்ணு மிதுனா. மாப்ள மஞ்ச வண்டியைத் தனியா ஓட்டிட்டு வர்றாரு, பொண்டாட்டியும் புள்ளையும் பின்னாடியே பஸ்ல வர்றாங்க. வண்டியைக் கழுவித் தொடச்சுப் பளபளன்னு வெச்சுருந்தாங்க. மிதுனா அப்பக் காலேஜு. அவ என் கையைப் புடிச்சு நடந்த நாள்ல இருந்து அவளுக்கு எல்லாமே இந்த மாமன்தான். காது குத்துக்கு என் மடியில உக்காந்தவ, வயசுக்கு வந்த தெரட்டிச் சீருக்கு ஊரே வாயப் பொளக்கற மாதிரி தட்டம் கொண்டு போனேன்.

வாசல்லயே நின்னுட்டு மாப்ள சாவியை நீட்டினாரு. “மச்சான், நீங்க ஊர் ஊரா அலையறதைப் பாத்தா எனக்குப் பொறுக்கல. இது உங்களுக்குத் தெரிஞ்ச வண்டி. எடுத்துக்குங்க”ன்னாரு. எனக்கு எப்பிடி இருந்துருக்கும், நீங்களே சொல்லுங்க. அம்சவேணி என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா. கோமதி சமையக்கட்டுல இருந்து ஓடி வந்து கோழி அடிக்கச் சொல்லட்டுமான்னு கேக்கறா. வீடே கலகலன்னு ஆயிருச்சு.

ஏன் விக்கறீங்கன்னு அவர்கிட்ட மட்டும் நான் கேக்கலீங்க. வீட்டு மாப்பிள்ளை. அதைக் கேட்டா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல.

ஆனா வண்டியைப் பாக்கணுமில்லீங்களா. அதுல சொந்தம் பந்தம் பாக்க முடியாது. டாக்டர் தம் பொண்டாட்டிக்குக் காச்சல்னா ஊசி போடாமயா இருப்பாரு? வேட்டியை இழுத்துச் சொருகிட்டு எறங்கிட்டேன். கதவு நாலு ஓரமும் தட்டிப் பாத்தேன். காந்தம் வெச்சுப் பாத்தேன். கீழ சாக்கு விரிச்சுப் படுத்து அடிப்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். அப்ப மிதுனா, “மாமா, இது நம்ம வண்டி மாமா”ன்னா. “நம்ம வண்டியா இருந்தாலும் பாக்கறதைப் பாக்கணும் கண்ணு”ன்னேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன். அவளும் சிரிச்சா. சிரிச்சான்னுதான் நெனைக்கறேன்.

முன் பக்க மட்கார்டு போல்ட்டுல ஸ்பானர் போட்ட தடம் இருந்துச்சு. “மாப்ள, இது கழட்டி மாட்டினதாச்சே”ன்னேன். “ஆமாங் மச்சான், பல்லடத்துகிட்ட ஒருக்கா மாடு குறுக்க வந்துருச்சு, மறந்துட்டேன்”னாரு. மறந்துட்டேன்னு சொன்னதை நான் நம்பினேன். வெளி ஆளா இருந்தா நம்பிருக்க மாட்டேன். டயர்ல அச்சடிச்ச வருசத்தைப் பாத்தேன், நாலும் மாத்தற வயசு. கூரையைத் தொறக்கற பட்டனை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அமுத்தணும். எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிட்டேதான் பாத்தேன். மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு அப்பறம் குறை சொல்ற புத்தி எனக்குக் கெடையாது. மாப்ள சாவியைக் கையில வெச்சுட்டு, நான் போற பக்கமெல்லாம் கூடவே வந்துட்டு இருந்தாரு.

அப்பறம் விலை. “எவ்வளவு மாப்ள?”ன்னேன். “நீங்களே பாத்துக் குடுங்க மச்சான். நீங்க சொல்றதுதான்”னாரு.

இப்பச் சொல்லுங்க. இப்பிடி ஒருத்தர் நம்மளை நம்பிச் சொல்றப்ப நமக்கு எவ்வளவு பொறுப்பு வந்துருது! என் இஷ்டத்துக்கு ஒரு விலை சொல்லிர முடியுமா? நாளைக்கு மச்சான் ஏமாத்திட்டான்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாது. அதனால நான் என்ன பண்ணினேன், இந்த மாதிரி வண்டி வாங்கி விக்கற ஆளுக மூணு பேருக்குப் போன் போட்டேன். எல்லார் முன்னாடியும், நடுக் கூடத்துல உக்காந்து, ஸ்பீக்கர்ல போட்டேன். ஒளிவு மறைவு கூடாது பாருங்க.

மொத ஆள் ஒரு விலை சொன்னான். இந்த மாதிரி வண்டியெல்லாம் வீட்டு முன்னாடி நின்னு பூஞ்சை புடிக்குங்க, வாங்க ஆள் இல்லீங்கன்னு சொல்லிட்டுத்தான் சொன்னான். ரெண்டாவது ஆள் அதை விடக் கொஞ்சம் தாராளம். மூணாவது ஆளுக்கு விவரமெல்லாம் சொல்றேன், மஞ்சக் கலரு, இத்தனை கிலோமீட்டருன்னு. அவன் பாதியிலயே, “அட, திருப்பூர் பார்ட்டி வண்டிங்களாண்ணா? போன வாரம் இங்க கொண்டாந்து நிறுத்திட்டுக் கெஞ்சிட்டுப் போனாருங்களே. பேங்க்காரன் நெருக்கறான் போல, ரொம்ப அவசரத்துல இருக்காரு. ரெண்டு நாள் இழுத்துப் புடிங்க, தானா எறங்கி வருவாரு”ன்னுட்டான்.

மாப்ள கையில இருந்த சாவியைக் கீழ வெச்சாரு. அம்சவேணி மெதுவா, “போதுங்ணா, போனை வைங்க”ன்னா.

இங்கதான் நீங்க என்னைப் புரிஞ்சுக்கணும். வேற எவனா இருந்தாலும் என்ன பண்ணிருப்பான்? அவசரம்னு தெரிஞ்சுபோச்சு, அழுத்திருப்பான். நான் அதை வெச்சு ஒரு பைசா கொறைக்கல. சத்தியமாக் கொறைக்கல. மூணு பேர் சொன்னதையும் கூட்டி மூணால வகுத்தேன். இருபத்திரண்டு லட்சத்துச் சொச்சம் வந்துச்சு. டயருக்கு மட்டும் கழிச்சேன், அது எப்பிடியும் மாத்தணும். சொச்சத்தைக் கூட அப்பிடியே குடுத்தேன். அன்னைக்கே, உக்காந்த எடத்துலயே மாப்ள கணக்குக்கு அனுப்பிட்டேன். நாளைக்கு வா, நாளான்னைக்கு வான்னு அலைய விடல. “சரிங்களா மாப்ள, நியாயமா இருக்குதுங்களா?”ன்னு கேட்டேன். “சரிங்க மச்சான்”னாரு. தலையைக் குனிஞ்சுட்டே சொன்னாரு. அவரு எப்பவுமே அப்பிடித்தான், கூச்ச சுபாவம்.

கோழிக் கொழம்பு கொதிச்சுட்டு இருக்குது, எந்திரிச்சுட்டாங்க. சாப்பிட்டுப் போங்கன்னு கோமதி கையைப் புடிச்சு இழுக்கறா. இன்னொரு நாள் ஆகட்டுங்கண்ணின்னு அம்சவேணி செருப்பை மாட்டறா. நான் கொண்டு போயி விடறேன்னு கெளம்புனேன். அப்பறந்தான் பாத்தா, ரெண்டு பேர் உக்கார்ற வண்டியில அவங்க மூணு பேரை எப்பிடி ஏத்தறது? வெய்யில்ல மூணு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனாங்க. நான் கேட்டுல நின்னு கையை ஆட்டினேன். யாரும் திரும்பிப் பாக்கல. பஸ் வந்துருச்சோ என்னமோ.

அவங்க போனதும் கோமதி கேட்டா, “முப்பது கேட்டுருந்தா குடுத்துருக்க மாட்டீங்களா?”ன்னு. “முப்பது பெறாதே”ன்னேன். “வண்டி பெறாது, சரி. கேட்டது உங்க தங்கச்சியா இருந்தா?”ன்னா. கேக்கலீங்களே! வாயத் தொறந்து, அண்ணா எங்களுக்கு இவ்வளவு கஷ்டம், இவ்வளவு வேணும்னு கேட்டுருந்தா நான் என்ன கல்லா? அப்பா போனப்பறம் அவளைப் படிக்க வெச்சுக் கட்டிக் குடுத்தவன் நானு. அவ கல்யாணத்துக்குக் கடையை அடமானம் வெச்சேன். அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் அதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கனா? கேட்டாத்தானுங்க தெரியும். வண்டியைக் கொண்டாந்து நிறுத்தி, விலை சொல்லுன்னா, நான் வண்டிக்குத்தான விலை சொல்ல முடியும்?

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சர்க்கரை போதுங்களா? கோமதி எதுக்கு உங்களை அப்பிடிப் பாத்துட்டுப் போறான்னு பாக்கறீங்களா? வர்றவங்ககிட்ட எல்லாம் வீட்டுக் கதையைச் சொல்றேன்னு கோவம் அவளுக்கு. கேட்டா சொல்லித்தான ஆகணும்.

அந்த வருசமே மாப்ள கம்பெனியை மூடிட்டாரு. மெசினெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிட்டாராம், பாதிக்குப் பாதி கூட வராது. எனக்கு யாரோ மூணாவது மனுசன் சொல்லித்தான் தெரியும்.  என்னைக் கூப்பிட்டுருந்தா நான் போயி நின்னு நல்ல விலைக்கு வித்துக் குடுத்துருக்க மாட்டனா? இப்ப அவரு வேற ஒரு கம்பெனியில மேனேஜரா இருக்காரு. மிதுனா படிச்சு முடிச்சு சென்னையில வேலைக்குப் போயிட்டா. நான் போன் பண்ணினா அம்சவேணி எடுக்க மாட்டா. வேலையா இருக்கான்னு நெனச்சுக்குவேன். கோமதி போன் பண்ணினா எடுப்பா. நல்லா இருக்கீங்களாண்ணி, அண்ணன் நல்லா இருக்காரான்னு கேப்பாளாம். கேப்பாளாம், அவ்வளவுதான்.

அப்பறம் மிதுனாவுக்குக் கல்யாணம் கூடிச்சு. முறைப்படி மாப்ளயும் அம்சவேணியும் வந்தாங்க, தட்டத்துல தேங்காய் பழம் வெத்தலை பாக்கு வெச்சு, “அண்ணன் வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்”னு சொல்லி அம்சவேணி பத்திரிகை குடுத்தா. என்னைத்தான் பாத்துச் சொன்னா. அன்னைக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன்னு தெரியுங்களா! எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சேன். ஆரம் எடுத்தேன், பட்டுச் சேலை எடுத்தேன். நகைக்கடையில விலை கூடப் பேசலீங்க. நானு! விலை பேசாம வாங்கினது என் ஆயுசுல அது ஒண்ணுதான். ரவிக்கை தைக்கணும், அளவு பாக்கணும்னு பத்து நாளுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கோமதிகிட்டக் குடுத்தனுப்பிட்டேன். கல்யாணத்தன்னைக்குச் சபையில தட்டத்துல வெச்சு மறுபடி எடுத்துக் குடுத்தாப் போதும்.

கல்யாணத்துக்கு இந்த வண்டியிலதான் போனேன். பானட்டு பூரா ரோசாப்பூ ஒட்டி, பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குன்னு சோடிச்சுக் கொண்டு போனேன். சின்னப் புள்ளையில இருந்து அவ ஏறுன வண்டி, இதுல போனா அவளுக்குச் சந்தோசமா இருக்கும்னு. மண்டபத்து வாசல்ல நிறுத்தறேன், பூபதி மாப்ள வந்து பாத்தாரு. பூவைத் தடவிப் பாத்தாரு. “டயர் மாத்திட்டீங்களா மச்சான்?”னு கேட்டாரு. மாத்திட்டேன்னேன். உள்ள போயிட்டாரு.

சபையில எந்தக் கொறையும் வெக்கலீங்க. மேளம் முன்னாடி போக, தட்டம் தூக்கி வந்தேன். மாமன் மாலையை நாந்தான் போட்டேன். மிதுனா குனிஞ்சு கால்ல விழுந்தா. தூக்கி நிறுத்தறப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் எடுத்த சேலையைத்தான் கட்டிருந்தா, நான் எடுத்த ஆரந்தான் கழுத்துல.

சாப்பாடெல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப அம்சவேணி வந்து, “அண்ணா, ஒரு நிமிசம் வாங்க”ன்னு பொண்ணு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா. உள்ள மிதுனா மட்டும் உக்காந்துருந்தா. ஒரு தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சு, மேல ஒரு கவர் வெச்சு, ரெண்டு கையிலயும் புடிச்சு நீட்டறா. பதிலுக்குச் செய்யற மறுசீர் மாதிரி ஏதோன்னு நெனச்சு வாங்கிட்டேன். கவர் கனமா இருக்குது. “என்ன அம்மிணி இது?”ன்னேன்.

“ஆரத்துக்கும் சேலைக்குமுங்ணா. மூணு கடையில காட்டிக் கேட்டோம். மூணையும் கூட்டி மூணால வகுத்துருக்குது. எல்லாம் மிதுனா சம்பளப் பணந்தான், யார்கிட்டயும் வாங்கல. எண்ணிப் பாத்துக்குங்க. நியாயமா இருக்குதுங்களான்னு சொல்லுங்க.”

சத்தம் போட்டுச் சொல்லலீங்க. கோவமா இருந்துருந்தா நான் சமாளிச்சுருப்பேன். கடையில பாக்கி குடுக்கற மாதிரி சாதாரணமாச் சொல்றா. நான் மிதுனாவைப் பாத்தேன். “கண்ணு, நீயாவது சொல்லு, இது மாமன் போட்டதுதான?”ன்னேன். அவ ஆரத்தை ஒரு கையில புடிச்சுட்டு, “வாங்கிட்டோமுங்க மாமா”ன்னா.

வண்டிக்குள்ள உக்காந்து எண்ணிப் பாத்தேன். பழக்கம் விடுமா? அன்னைக்குப் பவுன் ரேட்டு, செய்கூலி, சேதாரம், சேலை விலை, எதையும் விடல. ஒரு ரூபா கொறஞ்சுருந்தாலும் மறுபடி உள்ள போயி அவகூடச் சண்டை போட்டுருப்பேன். சண்டை போட்டா அண்ணன் தங்கச்சின்னாவது ஆயிருக்கும். கணக்கு அவ்வளவு சரியா இருந்துச்சுங்க. சீருக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா? காசு குடுத்துட்டா அது சீரா? அப்ப அந்தச் சபையில மாலை போட்டவன் யாரு? நகை கொண்டாந்து குடுத்த கடைக்காரனா நானு? அம்பத்தெட்டு வயசுல ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அழுதேன். பொண்ணு மாப்பிள்ளை வேற வண்டியில போறாங்க, என்னைத் தாண்டித்தான் போறாங்க. கோமதி இதுல ஏற மாட்டேன்னு சொல்லிட்டு பஸ்ல போயிட்டா. ரோசாப்பூவோட நான் மட்டும் அவினாசி ரோட்டுல வர்றேன். வர்றவன் போறவனெல்லாம் பாத்துச் சிரிக்கறான், மாப்பிள்ளை எங்கன்னு கேக்கறான்.

அதனாலதான் விக்கறேன். மறைக்காமச் சொல்லிட்டேன்.

இதுக்கு மேல வண்டி பாக்கறதுன்னா பாருங்க, சாவி இந்தா இருக்குது. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லணும். நீங்க விவரமான ஆளு, எனக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கெடையாது. அன்னைக்கு நான் குடுத்த விலை நியாயமா, இல்லீங்களா? யோசிச்சே சொல்லுங்க, அவசரமில்ல. இதுக்கு முன்னாடி வண்டி பாக்க வந்தவங்க அத்தனை பேரும் நியாயம்னுதான் சொன்னாங்க. ஒருத்தர் நான் அதிகம் குடுத்துட்டேன்னு கூடச் சொன்னாரு.

நியாயந்தானுங்களா? பாத்தீங்களா, நீங்களும் சொல்லிட்டீங்க!

அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்க போன்ல இருந்து என் தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு, இப்பச் சொன்னீங்களே, அதை அவகிட்டச் சொல்லிருங்க. என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா, கோமதி போனை எனக்குக் குடுக்க மாட்டேங்கறா. உங்க நம்பர் புதுசு, எடுத்துருவா. வண்டி விலையை நீங்க என்ன சொன்னாலும் சரி, நான் பேச மாட்டேன். இதை மட்டும் பண்ணுங்க. நம்பர் சொல்றேன், போடுங்க. சங்கடப்படாதீங்க, நானா வழக்குப் பேசச் சொல்றேன்? மூணாவது மனுசனா, சாதாரணமா, அம்மா உங்க அண்ணன் குடுத்தது சரியான விலைதான்னு ஒரு வார்த்தை.

போட்டுட்டீங்களா? ரிங் போகுதுங்களா? காதுலயே வைங்க. போகுதா?

எடுத்துட்டாளுங்களா? என்ன சொல்றா? யாருங்கன்னு கேக்கறாளா? வேண்டாம். இருங்க, வேண்டாங்க, விலையைப் பத்தி ஒண்ணும் பேசாதீங்க. ராங் நம்பருன்னு சொல்லுங்க. மன்னிச்சுக்குங்கம்மான்னு சொல்லி வெச்சுருங்க. ஆமா, அப்பிடித்தான்.

வெச்சுட்டாளா? ஏனுங்க தம்பி, கொரல் எப்பிடிங்க இருந்துச்சு? நல்லாத்தான இருக்கா?